முகப்பும் விளிம்பும்: பழங்காசு சேர்க்கத் தொடங்குவோருக்குச் சில சொற்கள்

காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர் வீட்டில், இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தை ஒழித்தபோது, ஓலைக் கொட்டான் ஒன்றின் அடியில் துணியில் முடிந்துவைத்த காசுகள் கிடைத்தன. ஓட்டைக் காலணாக்கள், சில வெள்ளி ரூபாய்கள், ஐயா லேவாதேவிக்காக மலாயா போய்வந்த காலத்துச் சதுர வடிவ ஒரு சென்ட் காசுகள் நான்கு. செல்லும் காசு, செல்லாக்காசு என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அன்று எனக்குத் தெரியாது. கறுத்துக் கிடந்த வெள்ளி ரூபாய் ஒன்றைக் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழங்காசு வாங்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் “கிளீன்டு”, அதாவது தேய்த்துத் துலக்கிக் கெடுத்த காசு, என்று ஒரே சொல்லில் முடித்து, வெள்ளியின் எடைக்கு மட்டும் விலை சொன்னார். அந்த ஒரு சொல்லின் பொருள் முன்பே தெரிந்திருந்தால் நான் புளியைத் தொட்டிருக்க மாட்டேன்.

காசின் இரு பக்கங்களிலிருந்து தொடங்கலாம். “பூவா, தலையா” என்று சுண்டி விளையாடும்போது நாம் சொல்லும் தலைதான் முகப்பு, பூ பின்பக்கம். நம் ஊர் வீடுகளுக்கு முகப்பு இருப்பது போலக் காசுக்கும் உண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டேன். பிரிட்டிஷ் காலத்து ரூபாயில் அரசரின் அல்லது அரசியின் தலை உள்ள பக்கம் முகப்பு. இன்றைய காசில் சிங்கமுகத் தூண் உள்ள பக்கம் முகப்பு. சுற்றிலும் உள்ள எழுத்துகளைப் பொறிப்பு என்றும், உருவமோ எழுத்தோ இல்லாத வெற்றிடத்தைத் தளம் என்றும் சொல்லலாம். தேய்த்த காசு தன்னைக் காட்டிக்கொடுப்பது இந்தத் தளத்தில்தான்: வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும்.

விளிம்பு என்ற சொல்லில் தொடக்கத்தில் எனக்குக் குழப்பம் இருந்தது. முகப்பைச் சுற்றிச் சற்றே உயர்ந்து நிற்கும் வளையம் வேறு, காசின் கனம் தெரியும் பக்கவாட்டுப் பகுதி வேறு. முன்னதை வரம்பு என்றும் பின்னதை விளிம்பு என்றும் நான் பிரித்துக்கொள்கிறேன். வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டித் திருடுவோர் இருந்ததால், சுரண்டினால் உடனே தெரியும்படி விளிம்பில் வரிகள் இடப்பட்டன. 1940-இல் ரூபாயின் வெள்ளி 91.7 விழுக்காட்டிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டபோது, அந்த வரிகளின் நடுவே ஒரு பள்ளமும் சேர்ந்தது. இதைச் சேகரிப்போர் செக்யூரிட்டி எட்ஜ் என்பார்கள். உலோகத்தின் தூய்மையைக் குறிக்க, தங்கத்துக்குச் சொல்லும் ‘மாற்று’ என்ற நம் சொல்லே போதும். ஓட்டைக் காலணாவும் போர்க்காலத்து உலோகத் தட்டுப்பாட்டின் பிள்ளைதான். 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது.

காசு அடிக்கும் இடம் நாணயச்சாலை. சென்னையின் மின்ட் தெருவைத் தங்கசாலைத் தெரு என்பது இதனால்தான். இன்றைய காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா.

அதிகம் ஏமாறுவது தரத்தைக் குறிக்கும் சொற்களில். விற்பவர் “குட்” என்றால் நல்ல காசு என்று நம்பிவிடக் கூடாது. அது உருவத்தின் வெளிக்கோடு மட்டும் எஞ்சிய, ஏறக்குறைய அடிமட்டத் தேய்மானத்துக்குப் பெயர். அதற்கு மேல் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன் என்று ஏறி, புழக்கத்துக்கே வராத காசு ‘யுஎன்சி’ ஆகிறது. புரூஃப் என்பது இந்த வரிசையில் சேராது. மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து, தளம் கண்ணாடி போல மின்னும்படி செய்யும் முறைக்குத்தான் அந்தப் பெயர்.

டோக்கன் என்ற சொல்லையும் தெரிந்துகொள்வது நல்லது: காசு போலத் தோன்றினாலும் அரசு காசாக வெளியிடாத வட்டு அது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒருபுறமும், ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று மறுபுறமும் பொறித்த வட்டுகளைப் பழைய சாமான் கடைகளில் பெரிய விலைக்குக் காட்டுவார்கள். கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. பூசை அறையில் வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு காசையும் விரலிடுக்கில் விளிம்பைப் பிடித்தே எடுத்து, தனித்தனி அட்டை உறையில் இட்டு, நாடு, மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலை, தரம் என்று எழுதி வைக்கிறேன். “செல்லாக்காசுக்கு எதுக்குப்பா இத்தனை பேரு?” என்று அப்பத்தா கேட்கிறார்கள். புளி போட்ட அந்த ரூபாயின் உறையில் மட்டும் தரத்துக்கு நேராக ‘தேய்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.