தலைவர் அண்ணையும் செயலாளர் அண்ணையும்: ஒரு தீயணைப்பாளரின் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கள் தீயணைப்பாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம் இன்று நடந்தது. தலைவர் அண்ணையும் செயலாளர் அண்ணையும் இந்த முறை பெயர் கொடுக்கவில்லை. "இனிப் பெடியள் பார்க்கட்டும்" என்று தலைவர் சொல்லிவிட்டார். புது நிர்வாகம் போட்டியில்லாமல் தெரிவானது.

விலகும் இருவரையும் கௌரவிக்க மே 4 என்று நாள் குறித்தோம். சர்வதேச தீயணைப்பாளர் தினம் அன்றுதான். பொன்னாடை, மாலை, வாழ்த்துமடல் எல்லாம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஆனால் மடலில் "அயராது உழைத்த", "தன்னலமற்ற" என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். இவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுத வேண்டும் என்று எழும்பிச் சொன்னேன். சரி, நீயே எழுது என்று விட்டார்கள்.

ஏப்ரல் 24, புதன்

இரவுக் கடமை. பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன்.

2016 செப்டெம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது அந்த மாவட்டத்தில் தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் வண்டி வந்து சேர்வதற்குள் கடைகள் வரிசை வரிசையாகப் போய்விட்டன. வன்னியில் அதை மறந்தவர்கள் இல்லை. வண்டி வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள், நியாயம்தான். வண்டியில் ஏறிப் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இருக்கவில்லை. எங்களில் பலர் அப்போது நிரந்தர நியமனம் இல்லாமல், அமைய அடிப்படையில் வேலை செய்தவர்கள். கையில் காயம் பட்டால் அன்றைய சம்பளமும் போய்விடும்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேர் போதும். அந்த ஏழு கையெழுத்தைச் சேர்க்கவே தலைவர் அண்ணை வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. நிரந்தர நியமனம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம். தன் பெயரை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேனையை நீட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 27, சனி

குப்பைமேட்டில் தீ. மத்தியானம் போனோம், பொழுதுபடும் வரை விடவில்லை. மேலே தண்ணீர் அடித்தால் நெருப்பு அடங்கியது போலத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பெக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டு கிண்டிக் கிண்டி நனைக்க வேண்டும். கிண்டும்போதெல்லாம் பிளாஸ்டிக் புகை முகத்தில் அடிக்கும்.

திரும்பி வந்ததும் உடுப்பைக் கழற்றி நிலையத்திலேயே தோய்க்கப் போட்டோம். இது செயலாளர் அண்ணை பிடிவாதமாகக் கொண்டுவந்த பழக்கம். முன்பெல்லாம் புகை மணத்த உடுப்போடே வீட்டுக்குப் போவோம், பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகையில் சேர்த்தது. செயலாளர் அண்ணை அந்தச் செய்தியை அச்சடித்து, கடமைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதோடு நிற்கவில்லை. தோய்க்க இடம், குளிக்க இடம், மூச்சுக் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் எழுதினார். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபின் தெரிவான உறுப்பினர் எவரும் இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்று நாங்கள் சோர்ந்திருந்தோம். அவர் மட்டும் கடிதங்களை நிறுத்தவில்லை. தோய்க்க இடம் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது.

மே 1, புதன்

தொழிலாளர் தினம். மடலை எழுதத் தொடங்கினேன்.

தலைவர் அண்ணையின் குளத்துப் பட்டியலைப் பற்றி நிறைய எழுத ஆசை. வண்டியில் உள்ள தண்ணீர் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு குளத்திலோ கிணற்றிலோ இருந்துதான் இழுக்க வேண்டும். பம்ப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏழெட்டு மீற்றர் ஆழத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீரை அதனால் உறிஞ்சி எடுக்க முடியாது. கோடையில் கிணறுகள் அதற்கும் கீழே இறங்கிவிடும். குளங்களிலோ தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் இடையில் சேறு கிடக்கும், வண்டி இறக்கினால் புதையும். எந்தக் குளத்தில் எந்த மாதம் வரை வண்டி கரைக்குப் போகலாம், எந்தக் கோயில் கிணறு ஆவணியிலும் வற்றாது என்று தன் ஓய்வு நாட்களில் மோட்டார் சைக்கிளில் சுற்றி எழுதி வைத்தவர் அவர். கமக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அந்தக் கொப்பி இப்போதும் வண்டியில் இருக்கிறது.

பற்றைக்காட்டுத் தீக்கு அவர் வகுத்த ஒழுங்கு இன்னொன்று. கண்ணிவெடி அகற்றி முடிந்த நிலம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வீதியை விட்டு ஓர் அடி உள்ளே வைக்கக் கூடாது. பழைய வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். பற்றை எரியட்டும், வீட்டுப் பக்கம் வராமல் மறித்தால் போதும் என்பார். ஏன் உள்ளே போகவில்லை என்று சனம் ஏசும்போது முன்னுக்கு நின்று பதில் சொன்னவரும் அவரே.

மே 4, சனி

விழா நல்லபடி நடந்தது. விளக்கேற்றி, மௌன வணக்கம் செலுத்தித் தொடங்கினோம். இந்த நாள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். 1998 டிசெம்பர் 2 அன்று அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில், லின்ரன் என்ற இடத்துக் காட்டுத் தீயில் காற்றுத் திசை மாறி வண்டியோடு அகப்பட்ட ஐந்து தொண்டர் தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு இந்தத் தினம் உருவானது. வண்டியில் கொஞ்சத் தண்ணீரை எங்கள் உயிருக்கென்று மிச்சம் வைக்காமல் தீக்குப் பக்கத்தில் போகாதே என்று தலைவர் அண்ணை ஏன் கத்துவார் என்பது புதிதாகச் சேர்ந்த தம்பிமாருக்கு அப்போது விளங்கியிருக்கும்.

மடலை வாசித்தபோது குளத்துக் கொப்பி, உடுப்புத் தோய்க்கும் தொட்டி, ஏழு கையெழுத்து எல்லாம் வந்தன. செயலாளர் அண்ணையின் மனைவி முன்வரிசையில் இருந்தார். "இவர் இரவிரவாக எழுதினது இதைத்தானா" என்று பக்கத்து அக்காவிடம் கேட்டாராம். அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினோம். அதை முதலிலேயே நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருந்த புதுத் தலைவருக்கு நன்றி.

தலைவர் அண்ணை ஏற்புரையில் அதிகம் பேசவில்லை. "செய்யாமல் விட்டதையும் எழுதியிருக்கலாம். இரண்டாவது உடுப்பு இன்னும் கிடைக்கவில்லை" என்றார். அது உண்மை. தோய்த்த உடுப்பு காயுமுன் அடுத்த அழைப்பு வந்தால் ஈரத்தோடுதான் போகிறோம்.

மே 10, வெள்ளி

புதுச் செயலாளர் தன் முதல் கடிதத்தை எழுதினார், இரண்டாவது உடுப்பு கேட்டுத்தான். பழைய செயலாளர் அண்ணையிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "பொதுக்கூட்டத் தீர்மானத்தின் திகதியைப் போடு தம்பி. ஆளுக்கு ஒன்று என்று எழுதாதே, அளவு அளவாக எத்தனை வேண்டும் என்று எழுது. இல்லாவிட்டால் அதைக் கேட்டே ஒரு மாதம் இழுப்பார்கள்."

நாளைக்கு எல்லோருடைய அளவையும் எடுக்கிறோம். திங்கட்கிழமை கடிதத்தைக் கையளித்து, பிரதியில் முத்திரை வாங்க வேண்டும்.