குறைந்த செலவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்: எதற்குப் பணம் போடுவது, எதை விடுவது

ஏர் பிஸ்டல் பழக வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினால் பணம் மிச்சமாகும். இரண்டு மூன்று மாதம் கிளப் பிஸ்டலில் சுடுங்கள். போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயாராகவும் சோதனைக்குச் சுடவும். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில் நீட்டித் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்க வேண்டும். தோள் எந்த எடைக்கு நடுங்கத் தொடங்குகிறது, கைக்குச் சின்ன கிரிப்பா நடுத்தரமா, எந்தக் கண் ஓங்கிய கண் (குறிபார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) என்பதெல்லாம் அந்த மாதங்களில் தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருந்தால் பார்வைப் பிரச்சினையை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியை மாற்றினால் அது தீராது.

லைசென்ஸ் பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. (.177) குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 5.6 ஜூல்தான். போட்டி பிஸ்டல்கள் இந்த அளவை ஒட்டியே இருக்கும். கடையில் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். பழையதாக வாங்கினாலும் பில்லையும் சீரியல் எண் எழுதிய கைமாற்றுக் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச விதிகளை ஒரு சல்லடையாக வைத்துக்கொண்டால் பாதிச் சரக்கு அங்கேயே கழிந்துவிடும். எடை 1500 கிராமுக்குள் இருக்க வேண்டும். 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். டிரிகர் குறைந்தது 500 கிராம். குறிபார்க்கத் திறந்த சைட் மட்டுமே. லென்ஸ், லேசர், சிவப்புப் புள்ளி எதுவும் கூடாது. நிஜ கைத்துப்பாக்கி போலத் தோற்றமளிக்கும் கேஸ் பிஸ்டல்களைச் சிலர் ஆசையோடு கொண்டு வருகிறார்கள். அவற்றின் குழாயும் டிரிகரும் இலக்கின் நடுவில் 10 புள்ளி தரும் 11.5 மி.மீ. வளையத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பணம் வீண்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் குழாய் மடக்கும் ஸ்பிரிங் பிஸ்டலும் முதல் பிஸ்டலாக வேண்டாம். பெல்லட் குழாயை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடி இடித்து, பிஸ்டல் ஒரு குலுக்குக் குலுக்கிவிடும். டிரிகரும் கனம். அதில் பழகியவர்கள் குண்டு போகும் நொடியில் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார்கள். பிறகு நல்ல பிஸ்டல் கிடைத்தாலும் அந்தப் பழக்கத்தை உதற மாதக்கணக்காகும். ஸ்பிரிங்கில் விதிவிலக்கு பழைய பைன்வெர்க்பாவ் 65. பக்கவாட்டு நெம்புகோல் உள்ள அந்த ஜெர்மன் பிஸ்டலில் மேல்பகுதி தண்டவாளத்தில் சறுக்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். நல்ல நிலையில் கிடைத்தால் இன்றும் பழகலாம்; சீல், ஸ்பிரிங் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

மலிவுக்கும் தரத்துக்கும் நடுவில் உறுதியாக நிற்பது ஒற்றை அமுக்கு வகை. நெம்புகோலை ஒரு முறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று அடைபடும். சிலிண்டரும் இல்லை, பம்பும் இல்லை. ரஷ்யாவின் பைக்கால் 46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. குழாய் அருமை, டிரிகரை நன்றாகத் திருத்திக்கொள்ளலாம். குறை இரண்டு: முன்பக்கம் கனம், ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை இழுக்கும் வேலை. 14 வயதுப் பிள்ளைக்கு 60ஆவது குண்டில் கை ஓய்ந்துவிடும். காற்றை அடைத்தபடியே பிஸ்டலை வைத்துவிட்டுப் போகாதீர்கள். சீல் அழுந்தி, வேகம் குறைந்துகொண்டே வரும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் உள்ள பழைய போட்டி பிஸ்டல்கள் மலிவாக வரும். நம் ஊருக்கு அவை ஒத்துவராது. 20 டிகிரியில் அந்த வாயுவின் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியைத் தாண்டினால் சிலிண்டருக்குள் திரவமும் வாயுவும் பிரிந்து நிற்பதே இல்லை. அதிகம் நிரப்பியிருந்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். ஏசி இல்லாத ரேஞ்சில் மே மாதம் காலை ஒரு வேகம், மதியம் ஒரு வேகம். குண்டு மேலும் கீழுமாக விழும்போது தப்பு கையிலா, வாயுவிலா என்று பயிற்சியாளராலும் சொல்ல முடியாது.

மிச்சமிருப்பது பிசிபி: 200 பார் அழுத்தத்தில் முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் மாட்டும் வகை. புதிய இறக்குமதிப் போட்டி பிஸ்டல்களின் விலை லட்சத்தைத் தாண்டும். ஹேமர்லி ஏபி20, ஸ்டெயர் எல்பி2 போன்றவை அந்தந்த கம்பெனியின் விலை குறைந்த மாடல்கள். மேல்மாடலில் உள்ள சில வசதிகளைக் குறைத்திருப்பார்கள். குழாயின் துல்லியம் தொடக்கக்காரரின் தேவைக்கு மிக அதிகம். புதிய விலைகுறைந்த மாடலா, அதே விலைக்குப் பழைய உயர் மாடலா என்றால், கீழே சொல்லும் சோதனைகளில் தேறும் பழையதையே நாங்கள் எடுக்கச் சொல்வோம். காரணம், அதன் டிரிகரும் கிரிப்பும்.

முதலில் சிலிண்டரில் பொறித்த தேதி. தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள், சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று விதியும் சொல்கிறது. பிஸ்டல் புதுசு போலப் பளபளத்தாலும் தேதி முடிந்திருந்தால் புது சிலிண்டரின் விலையை மனதில் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். அந்த மாடலுக்கு இன்னும் சிலிண்டர் வருகிறதா என்றும் கேளுங்கள். நிரப்பும் அடாப்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒரு கம்பெனியின் அடாப்டர் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அடுத்தது கசிவு. நிரப்பி, ஆறிய பிறகு அழுத்த மீட்டர் காட்டுவதைக் குறித்து, பிஸ்டலில் மாட்டியபடி 24 மணி நேரம் வையுங்கள். முள் இறங்கினால் சிலிண்டரைத் தனியாகக் கழற்றி மறுபடி பாருங்கள். தனியாக இருக்கும்போது இறங்கவில்லை என்றால் கசிவு பிஸ்டலுக்குள். பெரும்பாலும் ஓ-ரிங்தான், அது சின்னச் செலவு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் ரெகுலேட்டரின் பழுது அப்படியல்ல. அதைக் கண்டுபிடிக்க வேகமானி வேண்டும். பத்து குண்டு சுட்டு, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி சுடுங்கள். இடைவெளிக்குப் பின் வரும் முதல் குண்டு மட்டும் வேகமாகப் போனால் ரெகுலேட்டர் மெல்லக் கசிந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது. போட்டியில் நிதானித்துச் சுடும் ஒவ்வொரு குண்டும் இடம் மாறும்.

பிறகு மேசையில் தாங்கு வைத்து 10 மீட்டரில் ஐந்து குண்டு. துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓட்டையாக வர வேண்டும். சிதறினால் உடனே குழாயைப் பழிக்காதீர்கள். வேறு இரண்டு வகை பெல்லட்டில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டு, குழாயை மேல்நோக்கி நிறுத்தித் தூக்குங்கள். குண்டு வேண்டாம், காற்று மட்டும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். 510, 520 கிராமில் வைத்துக்கொள்வது நல்லது. சரியாக 500இல் வைத்தவர்கள் போட்டி நாள் பரிசோதனையில் மாட்டிக்கொள்கிறார்கள். மின்னணு டிரிகர் மிக மென்மையானதுதான்; ஆனால் பழுதானால் மின்சுற்றுப் பலகையையே வரவழைக்க வேண்டியிருக்கும். முதல் பிஸ்டலுக்கு இயந்திர டிரிகர் போதும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடங்களை இழந்து, 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் நின்றதை மறக்க வேண்டாம். உதிரியும் மெக்கானிக்கும் கிட்டத்தில் இருப்பது பெரிய விஷயம்.

கிரிப்பில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கையைத் தளர்வாக வைத்துக் கண்ணை மூடிப் பிஸ்டலை உயர்த்தி, கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் இருந்தால் கிரிப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பொருந்தவில்லை. பெரிய கிரிப்பை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். சிறியதில் மரப்புட்டி வைத்து உள்ளங்கை அச்சை எடுக்கலாம். ஒரே நாளில் தேய்க்காதீர்கள். அரை மில்லிமீட்டர் எடுத்து, ஒரு வாரம் சுட்டு, பிறகு மறுபடி. உள்ளங்கை தாங்கும் கீழ்த்தட்டு கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். தட்டைச் சாய்த்து மணிக்கட்டை இறுக்கினால் பரிசோதனையில் நிற்காது.

காற்று நிரப்ப, கடலில் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் ஸ்கூபா டாங்க் வசதியானது. பிஸ்டல் சிலிண்டர் சின்னது என்பதால் கைப்பம்பும் போதும். கடலோர ஊர்களில் ஈரம் வடிகட்டும் குப்பி இல்லாமல் அடித்தால் உள்ளே துருப்பிடிக்கும். 300 பார் டாங்கிலிருந்து 200 பார் சிலிண்டரை நிரப்பும்போது வால்வை மயிரிழை அளவு திறந்து, மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது: எண்ணெய்ப் பசை பட்டால் வெடிக்கும். ஏசி அறையில் 24 டிகிரியில் 200 பார் நிரப்பியது 36 டிகிரி வெயிலில் 208 ஆகிவிடும். அதனால் 180 போதும். காரில் வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

கடைசியாக, பெல்லட்டுக்குப் பணம் ஒதுக்காமல் பிஸ்டல் வாங்காதீர்கள். நாளைக்கு 80 குண்டு, வாரம் ஆறு நாள் என்றால் 480. அதாவது 500 குண்டு டப்பா ஒன்று. தட்டைத் தலை பெல்லட்தான் அட்டையில் வட்டமாகத் துளைக்கும். 4.49, 4.50 தலை அளவுகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, எது ஒட்டிச் சுடுகிறதோ அதையே மொத்தமாக எடுங்கள். ஈயம் கையில் ஒட்டும். ரேஞ்சில் எதையும் தின்னாமல், வீட்டுக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.