மணக்காத கிணறு

செப்டெம்பர் 3

ஏறாவூர்ப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை வளவு. நிலத்துக்கடியில் இரண்டு தாங்கிகள், ஒன்று பெற்றோல், மற்றது டீசல். இப்போது பாவனையில் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, குடிக்கிற கிணறும் உண்டு. தாங்கியிலிருந்து எண்ணெய் கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தாங்கியைப் பிறகு பார்க்கலாம் என்று முதலில் கிணற்றடிக்குப் போனேன்.

"கோடைக்கு மண்ணெண்ணெய் மாதிரி மணக்கும் மனே. மாரி பெய்தா மணமில்ல. அப்ப குடிக்கிறதுதான்" என்றார் ஆச்சி.

கையிலிருந்த வரைபடங்கள் சொல்லாததை இந்த மூன்று வசனங்கள் சொல்லிவிட்டன. அப்படியே எழுதிக்கொண்டேன். கிணற்றுச் சுவரில் மாரித் தண்ணீர் விட்டுப்போன பாசிக்கோடு, இன்றைய நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலே இருக்கிறது. அதையும் குறித்தேன்.

செப்டெம்பர் 5

கைத் துளைகருவியோடு இறங்கினோம். முதல் மீற்றர் வெள்ளை மணல், மணமே இல்லை. இரண்டு மீற்றரைத் தாண்டியதும் மண் சாம்பல் பச்சையாகி, பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. தாங்கியின் பக்கத்திலும் மேல்மண் சுத்தமாகவே இருக்கிறது. ஆகவே இது மேலே சிந்தியதல்ல, அடியில் குழாய்ப் பொருத்தில் கசிந்தது என்றே நினைக்கிறேன்.

நீர்மட்டத்துக்குக் கீழே போனால் மணல் சரிந்து துளையை மூடிவிடுகிறது. வெளிக்குழாய் ஒன்றை இறக்கி அதற்குள்ளால் மண்ணை அள்ள வேண்டியிருந்தது. மதியம் வரை ஒரு துளைதான் முடிந்தது.

நிலத்தடி நீரைப் பார்க்கத் துளைக்குள் நிரந்தரமாக இறக்கும் அவதானிப்புக் குழாயின் துவாரமிட்ட பகுதி எவ்வளவு நீளம் என்பதில்தான் இன்று பெரிய பேச்சு. கோடை நீர்மட்டத்தோடு நிறுத்தினால் பைப் மிச்சம் என்றார்கள். நான் விடவில்லை. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பது. மாரியில் தண்ணீர் ஏறினால் எண்ணெயும் கூட ஏறி, துவாரத்துக்கு மேலே, குழாய்க்கு வெளியே நின்றுவிடும். உள்ளே பார்க்கிறவருக்குச் சுத்தமாகத் தெரியும். பாசிக்கோட்டுக்கும் மேலே துவாரம் வைத்தோம். அதற்கு மேல் பென்டனைற் களிமண்ணால் அடைத்தோம், மழைநீர் பக்கத்தால் இறங்கக் கூடாது.

செப்டெம்பர் 8

மூன்று குழாய்களும் தயார். மூன்று இருந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்கலாம். சரிவு மிகச் சிறியது, ஆனால் அது ஆச்சியின் வளவுப் பக்கமாகவே இருக்கிறது. நடுக்குழாயில் எண்ணெய் 11 சென்ரிமீற்றர். மண்ணுக்குள் உண்மையில் அவ்வளவு தடிப்பு இராது, குழாய்க்குள் வடிந்து சேர்ந்து கூட்டிக் காட்டும்.

செப்டெம்பர் 9

தண்ணீர் மாதிரி எடுத்த நாள். உதவிக்கு வந்த தம்பி வழியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்துவிட்டு வந்திருந்தார். போத்தல்களைத் தொடவே விடவில்லை. கையில் ஒட்டியதே முடிவைக் கெடுக்கும். 40 மில்லிலீற்றர் போத்தலில் சிறு குமிழிகூட இல்லாமல் நிரப்ப வேண்டும், குமிழி இருந்தால் பெற்றோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் பென்சீன் அதற்குள் ஏறிவிடும். துளி அமிலம், ஐஸ் பெட்டி, கொழும்பு இரவு பஸ். 14 நாளுக்குள் சோதிக்க வேண்டும்.

செப்டெம்பர் 24

முடிவு வந்தது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். ஆச்சியின் கிணற்றில் 46.

நேரே போய்ச் சொன்னேன். "குளோரின் போட்டா சரிவராதா மனே?" என்றார். குளோரின் கிருமியைக் கொல்லும், எண்ணெயை எடுக்காது. கொதிக்க வைத்தால் ஆவி குசினிக்குள் நிற்கும், அதைச் சுவாசிப்பதும் கேடுதான். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நாளை முதல் பவுசர் தண்ணீர் வரும்.

இரவு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம்தான் நினைவில் நின்றது. மின்நிலையத்தடி எண்ணெய் கிணறுகளுக்குள் போன அந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே சுண்ணாம்புக்கல், வெடிப்புகளுக்குள்ளால் ஓடிவிடும். இங்கே மணல், மெல்லத்தான் நகரும். நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

டிசெம்பர் 12

மூன்று கிழமை அடைமழை. நீர்மட்டம் பாசிக்கோட்டைத் தொட்டுவிட்டது. நடுக்குழாயில் எண்ணெய் இல்லை, படலம்கூட இல்லை.

"போயிற்றுதானே, அறிக்கையை முடியுங்கள்" என்றார் வளவுக்குப் பொறுப்பானவர். போகவில்லை. ஏறிய தண்ணீர் எண்ணெயைத் துளித்துளியாக மணல் இடுக்குகளில் அமுக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்தே அது கரைந்துகொண்டிருக்கும். கோடையில் மட்டம் இறங்கினால் திரும்ப வடிந்து குழாய்க்கு வரும். ஒரு பருவத்தை வைத்து அறிக்கை முடிப்பதில்லை என்று எழுத்தில் கொடுத்தேன்.

பின்னேரம் கிணற்றடி. ஆச்சி வாளியை முகத்தருகே பிடித்து முகர்ந்தார். "இப்ப மணக்கல்ல. குடிக்கலாமா?"

"இல்ல ஆச்சி. பவுசர் தண்ணியே எடுங்க."

வாளியைச் சரித்துத் தோடைக் கன்றுக்கு ஊற்றப் போனவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அதுவும் வேண்டாம் என்றேன். இரண்டு போத்தல் நிரப்பினேன், குமிழி இல்லை. எட்டு மணி பஸ்ஸுக்குக் கொடுத்தாயிற்று.