இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஜவ்வாது மலைக்காட்டில் பூவும் காயும் இல்லாத மாதத்தில், இது என்ன மரம் என்று அடையாளம் காணக் கைக்குக் கிடைப்பது இலையும் அதன் நரம்பும் மட்டும்தான். சரியான இலையைப் பறித்தால் பாதி வேலை முடிந்தது. நுனிக்கொழுந்து வேண்டாம், அதில் நரம்பு இன்னும் எழும்பியிருக்காது. வெட்டிய அடிமரத்தில் துளிர்த்ததும் வேண்டாம், மரத்தின் மற்ற இலைகளைப் போல இருக்காது. கிளை நுனியிலிருந்து நாலாவது, ஐந்தாவது இலை நல்லது. நரம்பு அடிப்பக்கத்தில்தான் புடைத்துத் தெரியும். அதைப் பார்த்த பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். 10 மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் வசதி.

நாவலில் பக்கநரம்புகள் சீப்புப் பல் போல நெருங்கி ஓடும். ஆனால் விளிம்பைத் தொடாது. அதற்குச் சற்று உள்ளே, வேட்டிக் கரை மாதிரி ஓடும் இன்னொரு நரம்பில் போய்ச் சேரும். தைலமரத்துக்கும் இந்தக் கரை உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். கசக்கி முகர்ந்தால் குழப்பம் தீர்ந்தது.

பூவரசையும் அரசையும் மாற்றிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசிலையின் வால் நீளம், காம்பைக் கிள்ளினால் பால் வரும். பூவரசுக்கு வாலும் குட்டை, பாலும் இல்லை. காம்பு சேரும் இடத்திலிருந்தே ஐந்தாறு நரம்புகள் விரல் விரித்தாற்போல் பிரியும்.

நரம்புகள் இணையாக ஓடினால் புல், மூங்கில், வாழை இனம். வலையாகப் பின்னினால் இருவிதையிலை என்று பள்ளியில் படித்ததை ரொம்ப நம்ப வேண்டாம். காட்டு வள்ளிக்கொடி ஒருவிதையிலைதான், இலையில் வலை பின்னியிருக்கும்.

கவனம் தேவைப்படுவது எட்டியில். காம்பு சேரும் இடத்தருகிலிருந்து மூன்று முதல் ஐந்து நரம்புகள் வளைந்து நுனி நோக்கிப் போகும். இலந்தையிலும் மூன்று நரம்பு உண்டு. ஆனால் அதில் இலைகள் மாறி மாறி இருக்கும், முள் இருக்கும், அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். எட்டியில் இலைகள் எதிரெதிரே, இரண்டு பக்கமும் வழவழப்பு.

சிக்கல் தேற்றான்மரத்தோடுதான். எட்டிக்கு நெருங்கிய சொந்தம், நரம்பும் அதே போக்கு, எதிரெதிர் இலை. இலை சற்றுச் சிறிது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், எட்டியிலும் சின்ன இலை உண்டு. தேற்றான்கொட்டை கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது. எட்டிக்கொட்டை ஆளைக் கொல்லும் விஷம். அதனால் காய்க்கும்வரை பேர் சொல்லாமல் விடுங்கள். தேற்றான் பழம் சின்னதாக, பழுத்தால் கறுப்பு, உள்ளே பெரும்பாலும் ஒரே உருண்டைக் கொட்டை. எட்டிப்பழம் ஆரஞ்சு அளவு இருக்கும், நிறமும் அதே, உடைத்தால் தட்டையான பொத்தான் மாதிரி கொட்டைகள்.