பக்லாவா: ஈரம் அடங்கினால் மொறுமொறுப்பு நிற்கும்

மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே பருப்பு வைத்து வேகவைத்து, பாகு ஊற்றும் இனிப்பான பக்லாவாவைச் செய்ய உட்காரும்போது எல்லோருக்கும் முதல் பயம், ஃபில்லோ எனும் அந்தக் காகிதம்போன்ற தாள் கிழிந்துவிடுமோ என்பதுதான். கிழிந்த தாளை நடு அடுக்கில் வைத்துவிட்டால் வெந்த பிறகு அடையாளமே தெரியாது. பண்டத்தை உண்மையில் கெடுப்பது தண்ணீர். வெண்ணெயில் இருக்கும் தண்ணீர், ஃப்ரீசரிலிருந்து வந்த தாளில் வேர்க்கும் தண்ணீர், பாகில் சுண்டாமல் தங்கிவிட்ட தண்ணீர். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

அளவுகோலாக எடுத்துக்கொண்டது துருக்கியின் காசியான்தெப் பாணி. அந்த ஊர் பக்லாவாவுக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது; துருக்கிப் பொருள்களில் அந்தப் பதிவைப் பெற்ற முதல் பொருள் அதுதான். அங்கே பட்டை, கிராம்பு, தேன் எதுவும் சேர்ப்பதில்லை. தாள், பிஸ்தா, நெய், சர்க்கரைப் பாகு. பிஸ்தாவுக்கு அடியில் பாலில் வேகவைத்த ரவைக் கூழ் ஒரு மெல்லிய பூச்சு. வீட்டுக்கு அந்தக் கூழை விட்டுவிடலாம். அதுவும் ஈரம்தான், அதைச் சேர்த்தால் பண்டம் சீக்கிரம் தளரும்.

9×13 அங்குல டிரேக்குச் சரியாக வந்த அளவு: ஃபில்லோ 450 கிராம், பிஸ்தா 400 கிராம், நெய் 200 கிராம். பாகுக்கு சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 240 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். சிறிய ஓடிஜி ஓவன் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் பாதியாக்கி 7×9 அங்குல டிரேயில் செய்யலாம். டிரே உலோகமாக இருக்கட்டும். கண்ணாடி மெதுவாகச் சூடேறுவதால் அடித்தாள் பின்தங்கிவிடும்.

தாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாக்கெட்டைப் பிரிக்காமல் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மறுநாள் பிரிக்காமலேயே ஒரு மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு நேராக வெளியே வைத்தால் மேல்தாள்களில் ஈரம் கோத்து, நாலைந்து தாள் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாக வரும். உள்தாள்களோ இன்னும் உறைந்திருந்து மடிப்பில் முறியும். பிரித்த பிறகு தாள்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பிழிந்த ஈரத்துணி. ஈரத்துணி நேராகத் தாளில் படக் கூடாது. 9×14 அளவுத் தாள் என்றால் பாக்கெட்டில் சுமார் 40 இருக்கும். பெரிய தாளாக 20 வந்தால் குறுக்கே இரண்டாக வெட்டினால் அதே கணக்கு. கீழே 20, நடுவில் பிஸ்தா ஒரே படுகையாக, மேலே 20. கிழியாத தாள் இரண்டை மேலே போட ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நெய். கடை வெண்ணெயில் 16 முதல் 18 சதவீதம் தண்ணீர் உண்டு. உருக்கி அப்படியே தடவினால் அந்தத் தண்ணீர் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பால் திப்பி மேலே புள்ளி புள்ளியாகக் கருகும். வெண்ணெய் டிரேயையும் நெய் டிரேயையும் பக்கத்தில் வைத்து வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: நெய் டிரேயில் தாள்கள் தனித்தனியாக நிற்கின்றன. நம் வீடுகளில் நெய் காய்ச்சும் பழக்கம் இருப்பது இங்கே பெரிய வசதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முருங்கைக்கீரை போட்டு, திப்பி சிவக்கும்வரை காய்ச்சிய மணமான நெய் பிஸ்தாவின் வாசனையை அமுக்கிவிடும். இதற்கென்று காய்ச்சும்போது கீரை வேண்டாம். சடசடப்பு அடங்கியதும், திப்பி பொன்னிறத்துக்கு வரும் முன்பே இறக்கி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

தாளுக்கு ஒரு டீஸ்பூன் நெய் போதும். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்காமல் அங்கங்கே தெளித்து லேசாக இழுத்துவிட்டால் தாள்களுக்கு நடுவே காற்று தங்கும். காசியான்தெப் முறை வேறு. தாள்களை நெய்யில்லாமலே அடுக்கி, வெட்டி முடித்த பிறகு சூடான நெய் முழுவதையும் மேலிருந்து ஊற்றுவார்கள். அதையும் செய்து பார்த்ததில் மேல் அடுக்குகள் இன்னும் நன்றாகப் பிரிந்து எழும்பின. ஆனால் வெட்டு அடிவரை போயிருக்க வேண்டும், ஊற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் ஊறவும் விட வேண்டும். இல்லாவிட்டால் அடி வறண்டே இருக்கும். முதல் தடவை செய்பவர்களுக்குத் தாள்தாளாகத் தெளிப்பதையே சொல்வேன்.

பிஸ்தா உப்பில்லாத, வறுக்காத பருப்பாக இருக்க வேண்டும். ஓட்டோடு விற்கும் வறுத்த உப்புப் பிஸ்தா மீண்டும் ஓவனில் வேகும்போது பழுப்பேறிக் கசப்பு தட்டும். மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து, உப்புமா ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக நிறுத்துங்கள். பொடியானால் எண்ணெய் கக்கி இறுகிவிடும். பாகு அதைத் தாண்டிக் கீழே இறங்காது. பருப்பைப் பரப்பியதும் அதன்மேல் ஒரு டேபிள்ஸ்பூன் நெய் தெளித்தால் துண்டை எடுக்கும்போது மேல்பாதி கழன்று வராது.

வெட்டுவது வேகவைக்கும் முன்புதான். வெந்த தாள் கத்தி பட்டதும் நொறுங்கும். தாள்தாளாக நெய் தடவிய டிரேயைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து கத்தி சுத்தமாக இறங்கும். 4 செ.மீ. பட்டைகளாக நீளவாக்கில் ஒரு முறை, சாய்வாக ஒரு முறை.

ஓவன் 165 டிகிரி, 45 முதல் 55 நிமிடம். 190இல் வைத்தால் 25 நிமிடத்தில் மேலே நல்ல நிறம் வந்துவிடும், உள்ளே இருபது தாள் வெள்ளையாகவே இருக்கும். டிரே நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 150 போதும். விசிறிக் காற்றில் மேல்தாள் சுருண்டு எழுந்தால் அதில் நெய் குறைவு என்று பொருள். நிறத்தை மேலே பார்த்து நம்பக் கூடாது. ஓரத்துத் துண்டு ஒன்றை மெல்லிய தோசைத்திருப்பியால் தூக்கி அடியைப் பாருங்கள். அடியும் பொன்னிறமாக இருந்தால்தான் இறக்கலாம்.

பாகுதான் அதிகம் படுத்தும். ஓவனில் வைத்தவுடனே பாகு காய்ச்சிவிட்டால், டிரே வெளியே வரும்போது பாகு வெதுவெதுப்பாக ஆறியிருக்கும். சர்க்கரை கரையும்வரைதான் கிளற வேண்டும். கொதி வந்தபின் கரண்டி வைத்தால் ஓரத்துச் சர்க்கரை உள்ளே விழுந்து பூத்துவிடும். கொதித்ததும் எலுமிச்சைச் சாறு. சாற்றின் அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்துவிடுவதால் பாகு மறுநாள் கற்கண்டாகாது. தெர்மாமீட்டரில் 104, 105 டிகிரி. கையால் பார்ப்பவர்களுக்கு: குலாப்ஜாமூனின் பிசுபிசுப்பைத் தாண்டி, கம்பி எழும்பப் பார்த்து உடனே அறுந்துபோகும் பதம். மைசூர்பாகுக்குப் பார்ப்பதுபோல முழுக் கம்பி இழுத்தால் இதற்கு அதிகம். இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டால் சரியாகும்.

காசியான்தெப் கைத்தேர்ந்தவர்கள் கொதிக்கும் பாகைச் சுடச்சுட இருக்கும் டிரேயிலேயே ஊற்றுகிறார்கள். பாக்கெட் தாளில் அது சரிவரவில்லை, மேல் அடுக்கு துவண்டது. இரண்டும் ஆறியிருந்தால் பாகு உள்ளே இறங்காமல் மேலேயே தேங்குகிறது. சூடான டிரே, வெதுவெதுப்பான பாகு என்பதே வீட்டுக்கு நம்பகமான சேர்க்கை. வெட்டின கோடுகளில் மட்டும் முக்கால் பங்கை ஊற்றுங்கள். சுர்ரென்ற சத்தம் டிரே முழுவதும் கேட்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து, உறிஞ்சிய அளவைப் பார்த்து மீதியை விடலாம். அதன்பின் ஆறும்வரை மூடவே கூடாது. மூடியில் கோக்கும் ஆவி அத்தனை உழைப்பையும் வீணாக்கிவிடும். எட்டு மணி நேரம் கழித்துத்தான் சுவை சேர்ந்து வருகிறது.

அடி சொதசொதவென்று இருந்தால் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். அடித்தாள் வெளுப்பாக இருந்தால் வேக்காடு போதவில்லை. பொன்னிறமாக இருந்தும் தளர்ந்திருந்தால் பாகு நீர்த்திருக்கிறது, அல்லது அதிகம்.

வால்நட் வைத்துக் கிரேக்கப் பாணியில் செய்யும்போது பட்டைப்பொடி ஒரு டீஸ்பூன், கிராம்புப்பொடி கால் டீஸ்பூன் பருப்போடு சேரும். பாகில் சர்க்கரையை 300 கிராமாகவும் தண்ணீரை 180 மில்லியாகவும் குறைத்து, அடுப்பை அணைத்த பிறகு 100 கிராம் தேன் கலக்க வேண்டும். கொதிக்கவிட்டால் தேனின் மணம் போய்விடும். யஸ்த் நகரத்து ஈரானியப் பாணிக்கு பாதாம், ஏலக்காய், பன்னீர் (ரோஜா நீர்). பன்னீரும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

இப்போது கைவைத்திருப்பது சொந்தத் தாளில். மைதா 500 கிராம், முட்டை 1, பால் 120 மில்லி, எண்ணெய் 60 மில்லி, வினிகர் ஒரு டீஸ்பூன், உப்பு, தேவைக்குக் கொஞ்சம் தண்ணீர். பிசைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, சிறு உருண்டைகளைச் சாசர் அளவுக்குத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் தாராளமாக கார்ன்ஃப்ளோர் தூவிப் பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்கோடு சேர்த்து டிரே அளவுக்குத் தேய்க்க வேண்டும். மாவு தூவுவதில் கஞ்சத்தனம் பார்த்தால் பத்தும் ஒட்டிச் சப்பாத்தியாகிவிடும். தடிமன் இன்னும் பாக்கெட் தாளுக்கு இறங்கவில்லை, அதனால் 40க்குப் பதில் 24 தாள்தான் டிரேயில் அடங்குகிறது. பூரிக்கட்டையை விட்டு ஒல்லியான நீளக் கோலுக்கு மாறிய பிறகு ஓரங்களும் நடுவும் ஒரே சீராக வரத் தொடங்கியிருக்கின்றன.