பற்று யார் கணக்கில்?

நவம்பர் வந்தால் எங்கள் வங்கிக் கிளையில் வேறு வேலை ஓடாது. ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரிசையில் நிற்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு கிட்டேதான் என்பதால், அங்கே அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் வேலை பார்த்தவர்களும் வருவதுண்டு. அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பட்டப்பெயர். அறுபதைத் தாண்டிய அப்படி ஒரு தம்பி, போன வருடம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.

காவேரிப்பட்டணம் பக்கம் விவசாயம். மண்ணில் புழங்கித் தேய்ந்த விரல். ரேகைக் கருவி நான்கு முறை ஏற்கவில்லை. "கடைசியா எங்கே இருந்தீங்க, ஐயா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ராஜஸ்தான் எல்லை. கண்ணிவெடி புதைச்சோம்."

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்தபோது நடந்தது அது. விளைநிலங்களிலும் புதைத்தார்கள். போர் வரவில்லை. 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெற முடிவானது. அப்புறம் புதைத்ததையெல்லாம் எடுக்கும் வேலை. வேலி போட்டு, வரைபடத்தில் குறித்துத்தான் புதைப்பார்களாம். ஆனால் காற்றடித்தால் மணல் நகரும், மணலோடு கண்ணியும் நகரும். வரைபடம் நகராது.

"அதனாலதானே ஐயா போர் வராம நின்னுச்சு?"

"இருக்கலாம் தம்பி. நிலத்துக்காரனை யாரு கேட்டாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது ரூபாய் எடுப்பதென்றாலும் கணக்குக்காரர் கையெழுத்து இல்லாமல் நாங்கள் பற்று வைப்பதில்லை. ஹிரோஷிமாவுக்கு இன்றும் சொல்லும் நியாயத்தைப் பாருங்கள். ஜப்பானுக்குள் படை இறங்கியிருந்தால் இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பார்கள், குண்டு அவர்களைக் காப்பாற்றியது என்பார்கள். 1945 முடிவதற்குள் அந்த ஓர் ஊரில் மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. அதாவது பற்று நடந்துவிட்டது, வரவு 'நடந்திருக்கும்' என்ற யூகம். எந்த வவுச்சரில் அப்படி எழுத முடியும்? (மேனேஜர் கேட்டால், முதலில் வரிசையைக் கவனி என்பார்.)

கொடுமையால் நல்லது விளையவே விளையாது என்று நான் சொல்லவில்லை. விளையலாம். கண்ணிவெடியைத் தடைசெய்யும் 1997 ஒட்டாவா உடன்படிக்கையில் இந்தியாவும் சேரவில்லை, பாகிஸ்தானும் சேரவில்லை. நீண்ட எல்லையைக் காக்க அது வேண்டும் என்பது நம் தரப்பு. எல்லையில் நிற்பவன் அப்படிச் சொன்னால், கவுண்டருக்குள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கும் நான் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிழைத்தவன் ஒருவன், கால் போனவன் வேறொருவன். இவன் வரவை வைத்து அவன் பற்றை நேர்செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஐந்தாவது முறை ரேகை பதிந்தது. "உயிரோடதான் இருக்கேனா?" என்று சிரித்தார். எழுந்தவர் ஊர்க்கதையும் சொன்னார். காட்டுப்பன்றி தொல்லை தாங்காமல் பக்கத்து நிலத்துக்காரர் வேலியில் கரண்ட் விடச் சொன்னாராம். 2023இல் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"அதுவும் கண்ணிதானே தம்பி. வேணாம்னுட்டேன். ராத்திரி நானே போய்க் காவல் படுக்கிறேன். இந்த வருஷம் பாதிக் கடலை பன்னிக்குத்தான் போச்சு."