ஜான்சன் குரலில் பழகிய டெக்சஸ்

ஆஸ்டினுக்கு வந்த இரண்டாம் வாரம் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனோம். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் படிவத்தை என் பக்கம் தள்ளி, "பின் வேணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இன்னும் கார்டே கொடுக்கவில்லை, அதற்குள் பின் நம்பரா என்று விழித்தேன். அவர் காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். பேனாவைத்தான் கேட்டிருக்கிறார். டெக்சஸ்காரர்கள் வாயில் பேனாவும் குண்டூசியும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. கோவையில் ஆங்கில வழியில் படித்து, நான்கு வருடம் கல்லூரியில் பாடமும் நடத்தியவள் நான். வீடு வரும்வரை பேசவில்லை.

எனக்கு எச்-4 விசா, இங்கே வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தருவது. வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. கார் ஓட்டவும் தெரியாது. கணவர் காலையில் கிளம்பினால் வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். ஆகஸ்ட் வெயிலோ ஈரோட்டு வெயிலை மிஞ்சியது. எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் நிற்கும் பேருந்து டெக்சஸ் பல்கலைக்கழகம் வரை போகும். அந்த வளாகத்தின் ஓரத்தில், ஜன்னலே இல்லாததுபோல், வெள்ளைக் கல்லில் பெரிய பெட்டியாக ஒரு கட்டடம் நிற்கிறது. 1963இல் கென்னடி கொல்லப்பட்டதும் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சனின் அதிபர் நூலகம். முதலில் அங்கே ஏசிக்காகத்தான் போனேன்.

நூலகம் என்றதும் புத்தக அலமாரிகளை எதிர்பார்த்தேன். இது வேறு வகை. அதிபர் பதவியை விட்டு இறங்கியதும் அவருடைய கடிதங்கள், குறிப்புகள், கோப்புகள் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் சேர்த்து, தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் வைத்துவிடுகிறார்கள். ரூஸ்வெல்ட் தொடங்கிய வழக்கம் இது. ஜான்சனுடையது 1971 மே 22 அன்று திறக்கப்பட்டது. சுமார் நாலரைக் கோடிப் பக்கங்கள் உண்டு. உள்ளே நடு மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் நாலு மாடி உயரத்துக்குச் சிவப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தங்க முத்திரை. நம் ஊர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் சணல் கயிறு கட்டிக் கிடக்கும் கட்டுகள் நினைவுக்கு வந்தன. திறப்பு விழாவில் ஜான்சன், எங்கள் காலத்தின் கதை பட்டை உரித்தபடி இங்கே இருக்கிறது என்று பேசினாராம். மரம் வெட்டத் தெரிந்தவர் பேச்சு.

என்னைப் பிடித்து நிறுத்தியது பெட்டிகள் அல்ல. காட்சிக்கூடத்தில் அங்கங்கே தொலைபேசி ரிசீவர்கள் இருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். கட்டைக் குரலில் ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினார். வங்கி அம்மாளின் அதே இழுவை.

பதவியில் இருந்த ஐந்து ஆண்டுகளில் ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளில் நிறையப் பதிவு செய்து வைத்திருக்கிறார், மொத்தம் 640 மணி நேரத்துக்கு மேல். எதிர்முனையில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. இது சரியா என்றால் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் கேட்டேன். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் அத்தனையும் இலவசமாகக் கிடைத்தது, பலவற்றுக்கு எழுத்துப் பிரதியும் இருந்தது. பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியம் கேட்பேன், நிறுத்துவேன், திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். மார்ட்டின் லூதர் கிங்கோடு வாக்குரிமை பற்றிப் பேசுவார். செனட்டர்களைக் கொஞ்சுவார், மிரட்டுவார், மறுபடி கொஞ்சுவார்.

எனக்குப் பிடித்தது 1964 ஆகஸ்ட் 9 அன்று பேசியது. டல்லாஸ் ஹேகர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுத் தனக்குப் பேன்ட் தைக்கச் சொல்கிறார். பாக்கெட் ஓர் அங்குலம் ஆழம் கூட வேண்டும், பணமும் கத்தியும் விழுந்துவிடுகின்றன என்கிறார். தொடைக்கு நடுவே எங்கே பிடிக்கிறது, எவ்வளவு லூசாக வேண்டும் என்பதையும் கூச்சமே இல்லாமல் சொல்கிறார். நடுவில் ஒரு ஏப்பம் வேறு. கோபி கடைவீதியில் எங்கள் மாமா தையல்காரரிடம் நிற்பதுபோலவே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அமெரிக்கர்களிடம் பேசும் பயம் கொஞ்சம் குறைந்தது.

இந்தப் பதிவுகள் வெளியே வந்ததே ஒரு கதை. 1973 ஜனவரியில் ஜான்சன் இறந்த சில நாளில், அவருடைய உதவியாளர் பெட்டிகளைக் கொண்டுவந்து நூலகத்தில் ஒப்படைத்தார். ஜான்சன் இறந்து 50 ஆண்டு கழியும்வரை திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. கணக்குப்படி 2023. ஆனால் நாடாவுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. கென்னடி கொலை தொடர்பான ஆவணங்களைத் திறக்கச் சொல்லி 1992இல் ஒரு சட்டமும் வந்தது. நூலக இயக்குநர் ஹாரி மிடில்டன், ஜான்சனின் மனைவி லேடி பேர்டின் சம்மதத்தோடு 1990-களிலேயே ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கினார். செத்தவர் சொல்லை மீறிய அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

பேச்சுப் பதிவுகள் முடிந்ததும் வாய்மொழி வரலாற்றுக்குப் போனேன். 1968இலேயே டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ ஃபிரான்ட்ஸ் தலைமையில் தொடங்கிய வேலை அது. அமைச்சர்கள், தூதர்கள், பள்ளித் தோழர்கள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் டேப் ரெக்கார்டரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அமைச்சர்கள் பேசுவது அலுப்பு, எல்லாரும் தங்களை நல்லவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஒட்டியது சமையல்காரர் செஃபிர் ரைட் 1974இல் கொடுத்த பேட்டி.

அவர் கறுப்பினப் பெண். ஜான்சன் குடும்பத்துக்கு 1942 முதல் சமைத்தவர். வெள்ளை மாளிகைக்கும் கூடவே போனார். டெக்சஸிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போகும்போது வழியில் அவருக்குச் சாப்பாடு தர மாட்டார்கள், தங்க இடம் தர மாட்டார்கள், கழிப்பறைக்கும் விட மாட்டார்கள். ஒருகட்டத்தில் காரில் வரவே மாட்டேன் என்றுவிட்டார். என் வீட்டுச் சமையல்காரிக்கே இந்தக் கதி என்று அதையே சொல்லித்தான் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்துக்கு ஆள் சேர்த்தார். 1964 ஜூலை 2 அன்று சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்று ரைட்டுக்குக் கிடைத்தது. அதே ரைட், ஜான்சன் உடம்பைக் குறைக்கவில்லை என்று, வைத்ததைச் சாப்பிடுங்கள், மேலே கேட்காதீர்கள் என்று அவருக்கே சீட்டு எழுதியவர்.

மறு வருடம் அக்டோபர் 3 அன்று சுதந்திரச் சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜான்சன் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்றுதான் ஒதுக்கீடு. எங்கள் அப்பார்ட்மென்டில் பொங்கலுக்கு வந்தவர்களே அதைவிட அதிகம்.

ஆறு மாதம் கழித்து, பத்தாம் மாடியில் ஆய்வாளர்கள் படிக்கும் அறைக்குப் போகத் துணிந்தேன். அடையாள அட்டை காட்டிப் பதிந்துகொண்டால் யாரும் போகலாம். பையை வெளியே வைக்க வேண்டும், பென்சில் மட்டும் கொண்டுபோகலாம். மேசையில் இருந்தவர் "பின் கூடாது" என்றார். நான் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைத் தொடவில்லை. பையிலிருந்த பேனாவை எடுத்து லாக்கரில் வைத்தேன்.

கேட்டு வாங்கியது இந்திய உணவு நெருக்கடிக் கோப்புகள். கோபிக்காரிக்கு அதில் ஒரு காரணம் உண்டு. 1965இலும் 66இலும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் இந்தியா சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. ஜான்சன் மொத்தமாகத் தர மறுத்து, சில வாரத்துக்குப் போதுமான அளவை மட்டும் அவ்வப்போது விடுவித்தார். இந்தியா தன் விவசாயத்தைத் திருத்த வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னது பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. மாட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் "ஷார்ட் டெதர்" என்ற சொல்தான் அந்தக் கொள்கைக்குப் பெயராக நின்றது. எதிரே நின்று பேசியவர் எங்கள் பக்கத்து சி. சுப்பிரமணியம், அப்போது உணவு அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து, உரத்துக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டார். பசுமைப் புரட்சி நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது, அதில் நான் இறங்கப் போவதில்லை. 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றார். அரிசிப் பஞ்சத்தில் வந்த தேர்தல், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி தி.மு.க. ஓட்டுக் கேட்ட தேர்தல்.

அதிபருக்கு எழுதிய குறிப்புகளின் அடியில் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கோடுகள் போட்டிருக்கும். ஒன்றில் டிக் அடிப்பார். அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே ஒரு தனித்தாள் வரும்: இங்கிருந்த ஆவணம் எடுக்கப்பட்டுள்ளது, இன்ன தேதி, இன்ன காரணம். எடுத்ததையும் எழுதி வைக்கிற ஊர்.

அன்றிரவு அத்தையைக் கூப்பிட்டேன். அந்தப் பஞ்சத்தின்போது அத்தைக்குப் பத்து வயது. "அத்தை, ரேஷன் கடை வரிசைக் கதையைச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றேன். மதிய உணவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிண்டிய மஞ்சள் மக்காச்சோள மாவு உப்புமா, கைகுலுக்கும் படம் போட்ட மூட்டைகள், அந்த மூட்டைத் துணியில் தைத்த பாவாடை என்று முக்கால் மணி நேரம் சொன்னார். அப்புறம் அரிசியைப் பதுக்கி வைத்திருந்த ஓர் உறவினரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, இன்னும் ஓடுதா அது?"

"ஓடுதுங்க அத்தை."

"அதை மட்டும் எடுத்துரு. அவங்க பேரன்தான் நம்ம பக்கத்துக் காட்டுக்காரன். நான் போனப்புறம் வேணும்னா போட்டுக்கோ."

எடுக்கவில்லை. தனிக் கோப்பாக வெட்டி வைத்திருக்கிறேன், பெயரில் தேதியும் காரணமும் போட்டு.